கேப் போடாத பல்

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கிளினிக்கில் ஈ ஓட்டுவோம். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனை விட்டு இறங்கி மார்க்கெட் கூட்டத்தைக் கடந்ததும் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அது. மற்ற நாட்களில் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும். செவ்வாயன்று மட்டும் பெஞ்சு காலியாகக் கிடக்கும். செவ்வாய்க்கிழமை பல்லில் கை வைக்கக் கூடாது என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஓர் எண்ணம். உயிர் போகிற வலியாக இருந்தாலும் ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு, புதன்கிழமை காலையில் நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் முஸ்லிம் வீட்டுப் பெண். எனக்குச் செவ்வாயும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் சிஸ்டராக நின்றதில் அஷ்டமி, நவமி, ராகுகாலம் எல்லாம் எனக்கும் மனப்பாடமாகிவிட்டன. காலண்டர் தாளைக் கிழிக்கும்போதே நாளைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாது.

அந்த ஓய்வு நாளைத்தான் டாக்டரம்மா ஃபோன் செய்வதற்கு ஒதுக்கியிருந்தார். ரூட் கேனாலுக்கு வருகிறவர்களில் பல பேர் பாதியிலேயே காணாமல் போய்விடுவார்கள். காரணம் எளிது. முதல் நாளே வலி போய்விடும். வலி போன பிறகு யாருக்குப் பல் ஞாபகம் இருக்கிறது? அப்படிப் போனவர்களின் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, காலை பத்தரை மணியிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாக்கி சிகிச்சையை முடித்துக்கொள்ளச் சொல்வது என் வேலை. கெஞ்சுவேன், மிரட்டுவேன், சில சமயம் கதை விடுவேன். பாதிப் பேர் என் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டார்கள்.

நோயாளியை உட்காரவைத்து, என்ன நடக்கப்போகிறது என்று சொல்வதும் என் வேலைதான். டாக்டரம்மாவுக்குக் கை பேசும், வாய் பேசாது. அதனால் நான் சொல்வேன். முதல் நாள் ஊசி போடுவோம், எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கின மாதிரி தோன்றும், வீங்கியிருக்காது, வேண்டுமானால் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். பல்லைத் திறந்து உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு, மருந்து வைத்து அப்போதைக்கு அடைத்து அனுப்புவோம். அடுத்த தடவை மெல்லிய கம்பிகளை விட்டு வேருக்குள் இருக்கும் குழாய்களைச் சுத்தம் செய்வோம், நடுநடுவே எக்ஸ்ரே எடுப்போம். மூன்றாவது தடவை ரப்பர் மாதிரி ஒரு பொருளை உள்ளே நிரப்பி மூடிவிடுவோம். ரெண்டு மூணு நாளைக்கு மெல்லும்போது லேசாக வலிக்கும், பயப்பட வேண்டாம். மரத்துப்போன உதட்டோடு சூடாகக் காபி குடிக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது. கடைசியாக அளவெடுத்து, பல்லுக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு கேப் போட்டுக்கொள்ள வேண்டும், கடைவாய்ப் பல்லை அப்படியே விட்டால் என்றைக்காவது பிளந்துவிடும். நடுவில் எப்போது வலித்தாலும் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவோம். இதைத்தான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. தூக்கத்தில்கூட ஒருநாள் இதைச் சொன்னதாக என் வீட்டுக்காரர் கிண்டல் செய்துகொண்டே இருப்பார்.

இதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கே திருப்பிச் சொன்னவர் ஒருவர்தான். நாங்கள் டெலிபோன் மேடம் என்று சொல்வோம். டிரங்க் கால் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் தனி வீடு. எழுபது வயதைத் தாண்டியிருந்தாலும் புடவை மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. கீழ் வரிசையில் வலது கடைவாய்ப் பல் வலி என்று வந்தார். நான் சொல்லி முடித்ததும், நம்பர் குறித்துக்கொண்டவர் சரிபார்ப்பது போல ஊசியிலிருந்து கேப் வரைக்கும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "கரெக்டா?" என்றார். எனக்கு லீவு வேண்டுமென்றால் நீங்களே வந்து சொல்லிவிடலாம் மேடம் என்றேன். சிரித்தார். படிவத்தில் 'உடன் வந்தவர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்படியே விடலாமா என்று கேட்டார். ஏதாவது எழுதினால் நல்லது என்றேன். அந்த இடத்தில் அழகாக ஒரு கோடு போட்டார்.

கணவர் காலமாகி வெகு காலம். ஒரே மகள் ஆஸ்திரேலியாவில். ஊசிக்கு வாய் மரக்கும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று நான்தான் பேச்சுக் கொடுத்தேன். மகள் தினமும் பேசுவாளா என்று கேட்டேன். "அவ அங்க ரொம்ப பிஸி சிஸ்டர். நானும் இங்க பிஸியா இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். இல்லன்னா ஒண்ணு கவலைப்படுவா, இல்லன்னா கெளம்பி வான்னு அழிச்சாட்டியம் பண்ணுவா." சொல்லும்போதே நாக்குக் குழற ஆரம்பித்துவிட்டது. வயதானவர்கள் எல்லாரும் பிள்ளைகளைப் பற்றி இப்படி ஏதாவது சொல்வார்கள். நான் பஞ்சு எடுத்து வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அன்றைக்கு அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் ஆட்டோக்காரர் திரும்பி வந்து மாடி ஏறி நின்றார். "யக்கா, அந்தம்மா இன்னா சொல்லுதுன்னே புரியல. எங்க எறக்கறது?" உதடு மரத்துப் போய் சிட்லபாக்கம் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. நான் இறங்கிப் போனால், பின் சீட்டில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்க யார் யாருடைய ஊரையோ கேட்டுக் கேட்டு லைன் போட்டுக் கொடுத்தவருக்குத் தன் ஊர் பேர் வரவில்லை. எனக்கும் சிரிப்பு. முகவரியை ஒரு தாளில் எழுதி ஆட்டோக்காரரிடம் கொடுத்தேன்.

இரண்டாவது சிட்டிங்கில் நடந்ததை அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். டாக்டரம்மா கம்பியை விட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மேடம் இடது கையைத் தூக்கினார். டாக்டரம்மா உடனே நிறுத்தி, வலிக்கிறதா என்றார். இல்லை என்று தலையை ஆட்டினார். வலிக்க வாய்ப்பும் இல்லை, நரம்புதான் போன வாரமே போய்விட்டதே. மறுபடி ஆரம்பித்ததும் மறுபடி கை மேலே வந்தது. மூன்றாவது தடவை டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மெலிந்த கை, ஏசியில் ஜில்லென்று இருந்தது. பிடித்ததும் அது இறங்கி என் விரல்களுக்குள் அமர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அரை மணி நேரம் அசைவே இல்லை. எச்சில் உறிஞ்சும் குழாயை ஒரு கையால் பிடித்து, டாக்டரம்மா கேட்டதை எல்லாம் அதே கையால் எடுத்துக் கொடுத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சிட்டிங்கும் முடிந்தது. கேப்புக்கு மட்டும் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவருடைய கார்டு கைக்கு வந்தது. முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார். பல் எப்படி இருக்கிறது, அளவெடுக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். ஆடி மாசம் பிறந்துவிட்டது, ஆவணிக்கு வருகிறேன் என்றார். ஆடியில் யாரும் புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா, சரி என்று விட்டேன். ஆனாலும் பட்டியலில் பேர் இருப்பதால் வாராவாரம் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். ஆவணியில் கொலு பொம்மை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். புரட்டாசி போனது, ஐப்பசியில் அடைமழை, ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது என்றார். கார்த்திகை போய் மார்கழி வந்தது. மார்கழியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றும் இந்த ஊரில் எல்லாரும் சொல்கிற காரணம், அதனால் எதையும் நான் சந்தேகிக்கவில்லை. பென்ஷன் வருகிறவர், பணத்துக்கு யோசிக்கிறார் என்றும் தோன்றவில்லை. நடுவில் ஏதாவது விசாரிப்பார். இன்றைக்குக் கூட்டமா, டாக்டரம்மா சாப்பிட்டாரா, உங்கள் வீட்டுக்காரருக்குச் சுகர் எப்படி இருக்கிறது. அப்புறம் அவரே, "மூணு நிமிஷம் ஆச்சு, வைக்கட்டுமா சிஸ்டர்?" என்பார். பழைய டிரங்க் கால் பழக்கம், அந்தக் காலத்தில் மூன்று நிமிஷக் கணக்கில்தான் காசு.

அந்தத் தை மாசம் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதிகாலையில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பையனை உட்காரவைத்துவிட்டு, நான் ஓடி வந்து கிளினிக்கைத் திறப்பேன். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. மேடம் வழக்கம்போல முதல் மணியிலேயே எடுத்தார். மாசி பிறக்கட்டும் சிஸ்டர் என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை. "மேடம், கேப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். எனக்கு வேற வேலை இருக்கு. இனிமே நான் கூப்பிட மாட்டேன்" என்றேன். "சரிம்மா. நீங்க சொல்றது கரெக்ட்" என்றார். வைத்துவிட்டார். கார்டில் 'வர விருப்பமில்லை' என்று எழுதி முடிந்த கார்டுகளோடு சேர்த்தேன். நான் எழுதியது முழுப் பொய் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நாலு மாசம் கழித்து, ஒரு புதன்கிழமை, கூட்டத்தோடு கூட்டமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டாணி கடித்ததில் பல் நடுவே பிளந்துவிட்டது. டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். விரிசல் வேர் வரைக்கும் போயிருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பல்லை இடுக்கியில் எடுத்துக் கிண்ணத்தில் போட்டபோது டங்கென்று சத்தம் கேட்டது. கேப் போட்டிருந்தால் பத்துப் பதினைந்து வருஷம் ஓடியிருக்க வேண்டிய பல். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லி, வீட்டில் கவனிக்க வேண்டியதெல்லாம் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தேன். போகிற போக்கில், அவ்வளவு தடவை ஃபோன் செய்தேனே மேடம், ஒரு நாள் வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். 'கேப் போட்டுட்டா நீங்க கூப்பிட மாட்டீங்க. வாரத்துல எனக்கு வந்துட்டிருந்த ஒரே ஃபோன் அது.' அதை நான் இரண்டு தடவை படித்தேன். உள்ளே டாக்டரம்மா அடுத்தவரை அனுப்பச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மேடம் மறுபடி தாளை வாங்கிக் கீழே இன்னொரு வரி எழுதினார். 'மகளுக்குத் தெரிய வேண்டாம்.' ஒரு பல்லைக் கொடுத்து மூன்று நிமிஷம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனுஷி. அதையும் நான் பிடுங்கியிருக்கிறேன். "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடறேன் மேடம்" என்றேன். பஞ்சைக் கடித்த வாயோடு தலையை மட்டும் ஆட்டினார்.

கூப்பிட்டேன். முதலில் குற்ற உணர்ச்சியில் கூப்பிட்டேன், அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது. கார்டு இல்லாமல், என் சொந்த ஃபோனிலிருந்து. பேச்சு வழக்கம்போல ஏரி, மழை, கறிவேப்பிலைச் செடி என்று போகும். மகள் செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட நினைத்தால், டென்டல் கிளினிக்கிலிருந்து ஃபோன் வரும், வேறு நாள் பேசு என்று சொல்லிவிடுவாராம். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார். எங்களில் கணவனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், அவசியமில்லாமல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. நான் நாள் கிழமை மறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முதல் வாரம் வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு நாள் காலையில் ஃபோன் அடித்தது. மேடம். "பதினோரு மணி ஆயிடுச்சு சிஸ்டர், நீங்க கூப்பிடலையே. அதான் நானே போட்டேன்." நடந்ததைச் சொன்னேன். ஐயோ பாவம் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். போய் ஒரு டம்ளர் பால் காய்ச்சுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றார். அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கி, ஆற்றிக் குடித்து முடிக்கிற வரைக்கும் லைனில் இருந்தார். அன்றைக்கு மூன்று நிமிஷக் கணக்கை அவர் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இத்தா முடியும்வரை செவ்வாய்க்கிழமைகளில் அவர்தான் கூப்பிட்டார், நான்தான் முதல் மணியிலேயே எடுத்தேன்.

இத்தா முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், டாக்டரம்மா கழுத்து வலி தாங்காமல் கிளினிக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வந்தவர்கள் சின்னப் பெண்களை வைத்துக்கொண்டார்கள். பையன் கேளம்பாக்கத்தில் வேலை கிடைத்து அங்கேயே ஃபிளாட் எடுத்துக்கொண்டு போனான். அங்கே வந்துவிடு என்கிறான். நான் இங்கே பிஸியாக இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் உண்மையிலேயே பிஸியாக இருந்தேன்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்குப் போட்டேன். ஐந்தாவது மணி அடித்த பிறகுதான் எடுத்தார்கள். வேறு குரல். மகள் வந்திருக்கிறாள். அம்மாவின் ஃபோனில் 'பல் டாக்டர் சிஸ்டர்' என்று பேர் வந்ததும் அவளே எடுத்திருக்கிறாள். மரியாதையாகத்தான் பேசினாள். அம்மாவை நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். அந்த ஊரில் பல் வைத்தியத்துக்குச் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் ஏதாவது சிகிச்சை பாக்கி இருந்தால் இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்தாளாம். "ஆன்ட்டி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அம்மாவும் பக்கத்துல இருக்காங்க. காலண்டர்ல மூணு வருஷமா ஒவ்வொரு செவ்வாயும் 'பல்'னு எழுதி வச்சிருக்காங்க. எந்தப் பல்லு, என்ன ட்ரீட்மென்ட்னு கேட்டா சரியாவே சொல்ல மாட்டேங்கறாங்க. இன்னும் என்ன பாக்கி?"

நான் ஒரு வார்த்தை தவறிச் சொன்னால் இத்தனை வருஷம் அவர் கட்டிக் காத்தது எல்லாம் மகளின் கண் முன்னால் கொட்டிவிடும். பாக்கி எதுவும் இல்லம்மா, எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அவள் விடவில்லை. "ஒரே பல்லுக்கா ஆன்ட்டி, மூணு வருஷம்?"

பிடுங்கிக் கிண்ணத்தில் போட்ட அந்தப் பல் என் கண் முன்னால் வந்தது. அந்தப் பல்லுக்காக, என் வாழ்க்கையிலேயே மிகத் தெளிவான குரலில் சொன்னேன். "ரூட் கேனால்னா அப்படித்தாம்மா. நெறைய சிட்டிங் ஆகும்."

பின்னாலிருந்து மேடத்தின் குரல் கேட்டது. "நான்தான் சொன்னேனே."

அதற்கப்புறம் அவருடைய அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அங்கே என்ன நம்பர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, மகளுக்குப் பக்கத்தில் வைத்து எப்படிக் கேட்பது. போய்ச் சேர்ந்திருப்பார், பேரப் பிள்ளைகளோடு இருப்பார், நன்றாகத்தான் இருப்பார். எனக்கு மேல் வரிசையில் இடது கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு மாசமாகத் தெறிக்கிறது. போன வாரம் அதே மாடிக்கு ஏறினேன். எல்லாம் புதிதாக இருந்தது. புதிய டாக்டர், என் பையன் வயசுதான் இருக்கும், எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, ரூட் கேனால்தான், ஆனால் பழைய காலம் மாதிரி இல்லை ஆன்ட்டி, இப்போதெல்லாம் மெஷின் வந்துவிட்டது, ஒரே மணி நேரத்தில், ஒரே சிட்டிங்கில் முடித்து அனுப்பிவிடுவோம் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

மூணு சிட்டிங்காகச் செய்ய முடியாதாம்மா என்று கேட்டேன்.